சுத்தப் பிரதி

ஜனவரி 12

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். உங்கள் இடது முழங்கால் படியேற விடுகிறதா, இன்னும் பழைய பிடிவாதம்தானா? போனில் பேசினால் உங்களுக்குப் பாதி காதில் விழுவதில்லை. விழாத பாதியைத் திரும்பக் கேட்க நீங்கள் கூச்சப்படுகிறீர்கள். அதனால்தான் கடிதம். கூடவே ஒரு பார்சலும் வருகிறது. பயப்படாதீர்கள்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று அப்பா இருந்தவரை வருடத்துக்கு ஒரு முறை கேட்பார். "கம்ப்யூட்டருக்கு வார்த்தைக்கு அர்த்தம் சொல்லித் தர்றேம்ப்பா" என்பேன். "முதல்ல உனக்குத் தெரியுமா?" என்பார். பதினைந்து வருடத்தில் அதற்குமேல் தெளிவாக யாரும் என்னை விமர்சித்ததில்லை.

பார்சலில் இருப்பவை ஆயிரத்து இருநூறு சொல் ஜோடிகள். ஒவ்வொரு ஜோடியும் பொருளில் எவ்வளவு நெருக்கம் என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட வேண்டும். தேநீரும் கோப்பையும் எப்போதும் சேர்ந்தே இருக்கும், ஆனால் பொருள் வேறு. அதற்கு ஒன்றோ இரண்டோ போதும். வீடு, இல்லம் என்றால் பத்து. இதே பட்டியலை ஐந்து மொழிகளில் தயாரித்திருக்கிறேன். மனிதர்கள் போடும் எண்களோடு கம்ப்யூட்டர் போடும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று பார்ப்பதுதான் சோதனை. மற்ற மொழிகளுக்கு நான்கு நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். நம் மொழிக்கு ஒப்புக்கொண்டவர்கள் எல்லாரும் பாதியில் கழன்றுகொண்டார்கள். நீங்கள் ஒருவர், உங்களுக்குத் தெரிந்த இன்னொருவர், இரண்டு பேராவது வேண்டும்.

ஒரே ஒரு விதி. ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. தனித்தனி உறையில் ஒட்டி அனுப்புங்கள்.

ஏழு கான்ட்ராக்ட் முடித்துவிட்டேன். இந்த வருடம் இங்கே ஒரு நிரந்தர இடம் வருகிறது. அடுத்த வருடம் என் வயது அதற்கான வரம்பைத் தாண்டிவிடும். நான் கையில் எடுத்துப்போகப் போவது இந்த வேலையைத்தான்.

அன்புடன்,
பாப்பா

ஜனவரி 27

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ஆசிகள். உன் கடிதமும் பார்சலும் ஒரே நாளில் வந்தன. முழங்கால் நான் சொன்னபடி கேட்பதில்லை. நான்தான் அது சொன்னபடி கேட்கிறேன். உன் அம்மாவின் தலைச்சுற்றல் குறைந்ததா?

இதற்கு நான் தகுதியானவனா என்று இரண்டு நாள் யோசித்தேன். முப்பத்து நான்கு வருடம் கல்லூரி நூலகத்தில் அட்டவணை எழுதியவன். எந்தப் புத்தகம் எந்த அலமாரிக்குப் போக வேண்டும் என்பதற்குக்கூட அச்சிட்ட விதிப்புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். இங்கே விதிப்புத்தகம் இல்லை, சரியான விடையும் இல்லை என்கிறாய். அதுதான் கலக்கமாக இருக்கிறது. ஆனாலும் நீ கேட்டாய், செய்கிறேன்.

இன்னொருவராகக் கீழ்த்தளத்துத் தையலம்மாவைக் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது சிறியவர், வாய் ஓயாது, கத்தரியும் ஓயாது. பட்டியலைப் புரட்டிவிட்டு, "நாற்காலியும் மேசையும் ஒண்ணான்னு கேக்குறாங்க. ஏன் சார், உங்க தம்பி பொண்ணுக்கு ஆபீஸ்ல உக்கார இடமே குடுக்கலையா?" என்றார். பிறகு, "தப்பாப் போட்டா என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார். தப்பு என்பதே கிடையாது என்றேன். "அப்ப எதுக்கு சார் கேக்குறாங்க?" என்றார். அந்தக் கேள்வியை உனக்கே அனுப்புகிறேன்.

நாள் ஒன்றுக்கு முப்பது ஜோடி என்று வைத்திருக்கிறேன். காலை டிபனுக்குப் பிறகு, மனம் தெளிவாக இருக்கும்போது.

உன் நலம் நாடும்
பெரியப்பா

மார்ச் 9

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ஆசிகள். இங்கு எல்லாம் முறைப்படி நடக்கிறது. நீயும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஆயிரத்து இருநூறும் முடிந்தது. தையலம்மா முதல் முப்பது ஜோடிகளில் நான்கு வரிகளை வெறுமையாக விட்டுவிட்டார். இயந்திர எண்ணெய்க் கறை பட்ட தாள் வேறு. ஆகவே அவர் தாள்கள் ஒவ்வொன்றிலும் விடுபட்ட இடம் இல்லை என்று வரிவரியாகச் சரிபார்த்த பிறகே உறையை ஒட்டினேன். என்னுடையதில் பல இடங்களில் மறுபடி யோசித்து எண்களைத் திருத்த நேர்ந்ததால், எல்லாவற்றையும் சுத்தப் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். கரடுப் பிரதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன்.

சில சொற்கள் மனதை விட்டுப் போகவில்லை. பயம், மரியாதை என்று ஒரு ஜோடி. ஒரு காலைப் பொழுது முழுக்க அதிலேயே போயிற்று.

குறை இருந்தால் பொறுத்துக்கொள்.

பெரியப்பா

மே 2

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

சுகமா, சுகமா, சுகமா? மூன்று முறை கேட்கும் அளவுக்குச் சந்தோஷம்.

நீங்களும் தையலம்மாவும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்குப் பார்த்தேன். நூறு என்றால் முழு ஒற்றுமை. பூஜ்யம் என்றால் ஒற்றுமையே இல்லை. மற்ற நான்கு மொழிகளிலும் அறுபத்தைந்து, எழுபது சதவீதத்தில் நிற்கிறது. உங்களுடையது தொண்ணூற்றொன்று! எங்கோ பிழை என்று மூன்று முறை ஓட்டினேன். மூன்று முறையும் அதேதான்.

இதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? நம் மொழியில் கம்ப்யூட்டர் சொதப்பும்போதெல்லாம், "உங்க மொழியில ஆளுங்களுக்கே ஒத்த கருத்து கிடையாது, மெஷின் என்ன பண்ணும்?" என்று சொல்லித் தப்பித்துவிடுவார்கள். இனி அது முடியாது. ஆட்கள் ஒத்துப்போகிறார்கள், மெஷின்தான் தவறு. என் கட்டுரை முழுவதும் இந்த ஒரு எண்ணின் மேல் நிற்கிறது. எங்கள் துறைத் தலைவர் எதற்கும் சிரிக்காத மனிதர். "யாரும்மா அந்த ரெண்டு பேரு? இரட்டைப் பிறவியா?" என்று கேட்டுச் சிரித்தார்.

நிரந்தர இடத்துக்கு மனுப் போட்டுவிட்டேன். முதல் முறையாகப் பயமில்லாமல் போட்டேன்.

தையலம்மாவுக்கு என் நன்றி.

பாப்பா

மே 30

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ஆசிகள். நாலைந்து நாளாக எனக்கு லேசான ஜலதோஷம், இப்போது தேவலை. இங்கே வெயில் கடுமை. அங்கே எப்படி? அம்மா குடை எடுத்துப் போகிறாரா?

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். சந்தோஷம். ஒரு சந்தேகம் மட்டும். விவரம் தெரியாதவன் கேட்பதாக எடுத்துக்கொள். அந்தத் தொண்ணூற்றொன்று கொஞ்சம் குறைவாக இருந்தால் உன் கட்டுரைக்குப் பாதகமா? எழுபது, எழுபத்தைந்து என்றிருந்தால் போதாதா? அல்லது எங்கள் இருவரையும் ஒதுக்கிவிட்டு வேறு நால்வரைப் போட்டுப் பார்க்க அவகாசம் இருக்கிறதா? நாங்கள் பழக்கமில்லாதவர்கள். அதனால் கேட்கிறேன்.

படிக்கட்டுக்குப் புது வண்ணம் அடித்திருக்கிறார்கள். வாசனை இன்னும் போகவில்லை.

பெரியப்பா

ஆகஸ்ட் 14

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னியுங்கள். கட்டுரையை ஆய்விதழில் ஏற்றுக்கொண்டார்கள்! நிரந்தர இடத்துக்கு நூற்று எண்பது பேரில் மூன்று பேரை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். நான் ஒருத்தி. நவம்பர் 3.

போன கடிதத்தில் நீங்கள் கேட்டது ஞாபகம் இருக்கிறது. நீங்கள் எப்போதும் இப்படித்தான். யாராவது பாராட்டினால் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பீர்கள். எண் உங்களுடையது, வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பல்கலைக்கழகத்துக் குழு ஒன்று என் பட்டியலைக் கேட்டு எழுதியிருக்கிறது. பன்னிரண்டு பேரை வைத்து மறுபடி செய்து பார்க்கப் போகிறார்களாம். அன்றே அனுப்பிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது?

அம்மா என் அறைக்கு ஜன்னல் இருக்குமா என்று கேட்கிறாள். நிரந்தரமானவர்களுக்குத்தான் ஜன்னல். "இன்டர்வியூல அதையும் கேட்டுரு" என்கிறாள்.

முழங்காலுக்கு அந்தத் தைலம் தேய்க்கிறீர்களா? பதில் போடுங்கள்.

பாப்பா

அக்டோபர் 6

பெரியப்பா,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. உடம்பு நன்றாக இருக்கிறதுதானே?

அந்தக் குழுவின் முடிவு வந்துவிட்டது. பன்னிரண்டு பேர்; ஐம்பத்தெட்டு சதவீதம். எந்த இருவரை எடுத்தாலும் எழுபதைத் தாண்டவில்லை. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார்கள். "உங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்த குறிப்புகளை அனுப்ப முடியுமா, நாங்கள்தான் எதையோ தவறவிட்டிருக்கிறோம்" என்று. பழியைத் தங்கள்மேல் போட்டுக்கொண்ட அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். துறைத் தலைவருக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

நான் உங்களைச் சந்தேகப்படவில்லை. எப்படி உட்கார்ந்தீர்கள், எப்போது போட்டீர்கள், தாள்கள் எங்கே இருந்தன, எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள். வரிசையாக எழுதுவதில் உங்களை மிஞ்ச ஆள் கிடையாது. உடனே வேண்டும்.

பாப்பா

அக்டோபர் 11

அன்பு மகள் பாப்பாவுக்கு,

ஆசிகள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் கேள்விக்கு வரிசையாகவே எழுதுகிறேன்.

ஒன்று. முதல் முப்பது ஜோடிகளை நான் தனியாகத்தான் போட்டேன்.

இரண்டு. தையலம்மா தன் தாளைக் கொண்டுவந்து தந்தபோது விடுபட்ட வரிகளைத் தேடினேன். தேடும்போது எண்கள் கண்ணில் பட்டன. நான் எட்டு போட்ட இடத்தில் அவர் மூன்று. நான் இரண்டு போட்ட இடத்தில் அவர் ஒன்பது.

மூன்று. அவர் யோசிக்காமல் போடுகிறவர், நான் யோசித்துப் போடுகிறவன். ஆனால் அவர் எழுத்தில் ஒரு தயக்கமும் தெரியவில்லை. இவ்வளவு உறுதியாக ஒருவர் மூன்று என்றால் என் எட்டில்தான் கோளாறு என்று பட்டது. மறுபடி யோசித்தேன். யோசிக்க யோசிக்க மூன்றுதான் சரி என்று நிஜமாகவே தோன்றியது. நான் ஏமாற்றுகிறேன் என்று நினைக்கவில்லை. திருத்திக்கொள்கிறேன் என்றே நினைத்தேன்.

நான்கு. அதன் பிறகு ஒவ்வொரு முப்பதையும் பென்சிலால் போட்டு, அவருடையது வரும்வரை முடிக்காமல் வைத்திருந்தேன். அவர் எண்ணிலிருந்து ஒன்று தள்ளிப் போடுவேன், அப்படியே போட்டால் நன்றாக இருக்காது என்பதால். இதைத் திருத்தம் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஏனென்றால் இங்கே மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஐந்து. பயம், மரியாதை: நான் போட்டது ஏழு. அவர் ஒன்று. சுத்தப் பிரதியில் நான் இரண்டு என்று எழுதினேன்.

கரடுப் பிரதிகள் இல்லை. ஞாபகத்திலிருந்து மறுபடி எழுதிப் பார்த்தேன். எது என் எண், எது அவர் எண் என்று எனக்கே பிரிக்க முடியவில்லை.

உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் தகுதியில்லை.

பெரியப்பா

அக்டோபர் 17

பெரியப்பாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அம்மாவிடம் சொல்லவில்லை.

உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். "வரிவரியாகச் சரிபார்த்த பிறகே" என்று எழுதியிருக்கிறீர்கள். "மறுபடி யோசித்து எண்களைத் திருத்த" என்றும். நான் அதைப் படித்திருக்கிறேன். ஒரு மாணவி எனக்கு இப்படி எழுதியிருந்தால் அன்றே தாள்களைக் கிழித்துப் போடச் சொல்லியிருப்பேன். தொண்ணூற்றொன்றைப் பார்த்ததும் எதையும் திரும்பிப் பார்க்க மனமில்லாமல் போய்விட்டது. ஆகவே உங்களை மட்டும் திட்ட எனக்கு உரிமையில்லை. திட்டத் தோன்றுகிறது, அது வேறு.

இப்போது கேளுங்கள். உங்கள் எண்கள் போனால் போகட்டும். தையலம்மாவின் எண்கள் சுத்தம். அவர் யாரையும் பார்க்காமல் போட்டவர். அவருடையதை மட்டும் வைத்து, புதிய பன்னிரண்டு பேரோடு ஒப்பிட்டு, "ஒரு பகுதியில் தவறு நேர்ந்தது, மீதி நிற்கிறது" என்று நானே முதலில் அறிவித்துவிடலாம். துறைத் தலைவரிடம் பேசினேன். "தப்ப நீயே சொல்லிட்டா, மீதி நிக்குதுன்னா, நான் தேர்வுக் குழுகிட்ட பேசுறேன். ஆனா அந்த அம்மா எழுத்துல ஏதாவது வேணும்" என்றார்.

இரண்டு வரி போதும்: பிறர் எண்களைப் பார்க்காமல் நானே போட்டேன் என்று. கையெழுத்தோடு. மூன்றாம் தேதிக்கு முன்னால் என் கையில் இருக்க வேண்டும். எனக்கு மீதி இருப்பது அது ஒன்றுதான்.

பாப்பா

அக்டோபர் 22

அன்பு மகள் பாப்பாவுக்கு,

உன் கடிதம் வந்த அரை மணியில் கீழே இறங்கிப் போனேன். தையலம்மா ஒரு பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொல்லி, இரண்டு வரி எழுதித் தரக் கேட்டேன். ஊசியைக் கீழே வைத்தார்.

"பாக்காமன்னா, ஒண்ணுகூடவா பாக்காம?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். "நான் தாள எடுத்துட்டு மேல வருவேன்ல சார். நீங்க டீ போட உள்ள போவீங்க. உங்க தாளு மேசையில கிடக்கும். மொத தடவ நாலு வரி விட்டுட்டேன்னு நீங்க சொன்னப்புறம், எனக்குத் தெரியாதத மட்டும் பாத்து என் தாள்ல எழுதிக்குவேன். நீங்க படிச்சவரு. நீங்க போட்டா சரியாத்தான் இருக்கும்னு."

"தெரியாதது எவ்வளவும்மா இருக்கும்?"

"பாதிக்கு மேல இருக்கும் சார். பொறாமை, ஆற்றாமை, ஏக்கம்னு கேட்டா நான் எங்க போவேன்? சட்டை, துணி, கதவுன்னா நானே போட்டுட்டேன்."

என் எண்களைப் பார்த்து அவர் எழுதியிருக்கிறார். அவர் உறுதியைப் பார்த்து நான் திருத்தியிருக்கிறேன். அந்த உறுதியில் பாதி என்னுடையதே. பயம், மரியாதை பற்றி மட்டும் கேட்டேன். "அது நானே போட்டது சார். என் வீட்டுக்காரர் இருந்தவரைக்கும் அவர்கிட்ட எனக்குப் பயந்தான். மரியாதை ஒரு நாளும் இருந்ததில்ல" என்றார். அந்த ஒரு எண் நிச்சயமாக அவருடையது. மற்றவற்றில் எது யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை.

கிளம்பும்போது, "ரெண்டு வரிதானே, எழுதிக் குடுத்துடறேன். பொண்ணு பொழப்பு போயிடும்ல" என்று உன் வார்த்தைகளை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டார். அந்தத் தாள் இப்போது என் மேசையில் இருக்கிறது. இரண்டு நாளாக அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை அனுப்பினால் உனக்கு வேலை கிடைத்துவிடலாம். அது பொய் என்று உனக்குத் தெரியாமலே போகும்.

அனுப்பவில்லை. சரியா தவறா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் செய்ய இம்முறை யாரும் இல்லை.

பெரியப்பா

டிசம்பர் 18

பெரியப்பாவுக்கு,

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நேர்காணலுக்குப் போனேன்; போகாமல் இருந்தால் ஓடிவிட்டாள் என்பார்கள். ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நானே முதலில் சொல்லிவிட்டேன். ஒருவர், "உங்க துறையில இருக்குற மொத்தப் பிரச்சினையே இதுதானேம்மா, தரவ யாரும் உட்கார்ந்து பாக்கறதில்ல" என்று அன்பாகவே சொன்னார். ஏழு நிமிடத்தில் முடிந்தது. வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். நல்லவர், என் கட்டுரையைத் தன் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்தார். இனி அதையும் அவர் நீக்க வேண்டும்.

கான்ட்ராக்ட் நவம்பரோடு முடிந்தது. ஒரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். வாடிக்கையாளர்களுக்குக் கம்ப்யூட்டர் எழுதும் பதில்களைப் படித்து ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடும் வேலை. நாள் ஒன்றுக்கு நானூறு. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அதே பதிலுக்கு எண் போடுகிறார். நான் போடுவது அவர் போடுவதிலிருந்து அதிகம் விலகினால் திரையில் சிவப்பு விளக்கு எரியும். முதல் வாரம் நிறைய எரிந்தது. இப்போது எரிவதில்லை. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அம்மா உங்களைக் கேட்டாள். நலம் என்று சொன்னேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அந்தக் குழு மறுபடி செய்து பார்க்காமல் இருந்திருந்தால், நீங்களாக என்னிடம் சொல்லியிருப்பீர்களா? ஒரே வரியில் பதில் போடுங்கள். உடம்பை விசாரிக்க வேண்டாம்.

பாப்பா

ஜனவரி 2

பாப்பாவுக்கு,

சொல்லியிருக்க மாட்டேன்.

ஒரு வரி கேட்டாய். அது மேலே இருக்கிறது. இனி எழுதுவதைப் படிப்பதும் படிக்காததும் உன் விருப்பம்.

இதை எழுத எட்டு நாள் ஆயிற்று. "சொல்லியிருப்பேன், ஆனால் தாமதமாக" என்று ஒன்று எழுதினேன். "தைரியம் வந்திருந்தால் சொல்லியிருப்பேன்" என்று இன்னொன்று. இரண்டும் கேட்க நன்றாக இருந்தன. இரண்டும் பொய். மே மாதம் நீ தொண்ணூற்றொன்று என்று எழுதியபோதே எனக்கு விளங்கிவிட்டது. எல்லாவற்றையும் சொல்லி மூன்று கடிதங்கள் எழுதினேன். நான்காவதைத்தான் தபாலில் சேர்த்தேன். அதில் படிக்கட்டு வண்ணத்தைப் பற்றி எழுதியிருந்தேன்.

உனக்கு வேலை கிடைத்திருக்கும். உன் அறையைப் பார்க்க நான் வந்திருப்பேன். நீ ஜன்னலைக் காட்டியிருப்பாய். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பியிருப்பேன். பிறகு மாதம் ஒரு கடிதம், உன் உடம்பு எப்படி, அம்மா உடம்பு எப்படி என்று கேட்டு, சாகும்வரை எழுதிக்கொண்டிருந்திருப்பேன்.

பெரியப்பா